முதலில் கொம்பிரசர், பிறகுதான் ஸ்பிறே கன்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

பழைய காருக்கு வீட்டிலேயே பெயின்ற் அடிப்பது தொடர்பாகத் தங்கள் பத்திரிகையின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை அக்கறையோடு வாசித்தேன். தேய்ப்பு, புட்டி, கடதாசி ஒட்டி மறைத்தல் ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவை. ஆயினும், ஸ்பிறே கன் வாங்கப் போகிறவர் கூடிய காற்றைக் குறைந்த அமுக்கத்தில் செலுத்தும் எச்.வி.எல்.பி. வகையையே வாங்க வேண்டும், மற்றவை எல்லாம் காலங்கடந்த சாமான்கள் என்று பொருள்பட எழுதப்பட்டிருந்த ஒரு பந்தி, அதை நம்பிப் பணம் செலவழிக்கும் வாசகர்களை வீண் அலைச்சலில் மாட்டிவிடக்கூடியது. கொழும்பில் வாகன நிறப்பூச்சுத் தொழிலில் நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தப் பந்திக்கு மறுப்பாகவே இதனை எழுதுகிறேன்.

இது பொழுதுபோக்காகக் கார் திருத்துகிற சிலருக்கு மாத்திரம் உரிய விடயம் அன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னரும், வரிகளோடு சேர்த்துக் கேட்கப்படும் விலை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய கொரோலாக்களும் சன்னிகளும் மாருதிகளும் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன, அவற்றின் பொனற்றிலும் கூரையிலும், நிறத்தின் மேல் அடிக்கப்படும் பளபளப்புப் பூச்சான கிளியர் உரிந்துகொண்டிருக்கிறது, முழு வாகனத்துக்கும் கராஜில் கேட்கப்படும் தொகையைக் கொடுக்க இயலாத உரிமையாளர் பழைய சோனகத் தெருவுக்கோ பஞ்சிகாவத்தைக்கோ போய் ஒரு கன்னை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். கடையில் அவரிடம் கேட்கப்படுவது எந்தப் பிராண்ட், பெயின்ற் வெளிவரும் துளையான நொசில் எந்த அளவு என்பதுதான். வீட்டில் என்ன கொம்பிரசர் இருக்கிறது என்று கேட்கும் கடைக்காரரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஸ்பிறே கன் தானாக எதையும் செய்வதில்லை. பெயின்றை நுண்ணிய துளிகளாக உடைப்பது காற்று. அந்தக் காற்றை உற்பத்தி செய்வது கொம்பிரசர். எச்.வி.எல்.பி. என்ற வகை, கூடிய கனவளவு காற்றைக் குறைந்த அமுக்கத்தில் செலுத்தித் துளியாக்குவது. கன்னின் வாயில் உள்ள, காற்று வெளியேறும் மூடியான எயார் கெப்பிலே சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்கு மேற்படாத அமுக்கம் இருந்தாலே அது எச்.வி.எல்.பி. எனப்படும். கலிபோர்னியாவின் தென்பகுதியில் காற்று மாசைக் கட்டுப்படுத்த விதிக்கப்பட்ட ஒழுங்குகளால் இவ்வகை பரவலாயிற்று. அங்கே எதிர்பார்க்கப்படுவது, கன்னிலிருந்து வெளியேறும் பெயின்றில் குறைந்தது 65 சதவீதம் வாகனத்தில் போய் ஒட்ட வேண்டும் என்பதாகும். பழைய மரபுவகைக் கன்களில் பாதிக்கும் மேற்பட்ட பெயின்ற் மூடுபனியாகக் காற்றோடு போய்விடும். எனவே எச்.வி.எல்.பி. நல்ல பொருள் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலே, மதிலுக்கு அப்பால் அயலவரின் வாகனமும் கொடியில் காயும் துணிகளும் இருக்கும் இடத்தில், வீணாகப் பறக்கும் பெயின்ற் குறைவது பெரிய நன்மையே.

ஆனால் அந்த நன்மைக்குரிய விலையைக் காற்றாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. முழு அளவான ஓர் எச்.வி.எல்.பி. கன்னுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 14 கன அடி, அதாவது ஏறத்தாழ 280 முதல் 400 லீற்றர் வரை காற்று தேவைப்படும். வீடுகளில் அதிகம் காணப்படும் 2 குதிரைவலு, 50 லீற்றர் தாங்கி உள்ள கொம்பிரசர், வேலை செய்யும் அமுக்கத்தில் உண்மையாகக் கொடுப்பது 150 லீற்றர் அளவுதான். கணக்கைப் பாருங்கள். தாங்கியில் அமுக்கம் 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்வரை நமக்குக் கிடைக்கும் மேலதிகக் காற்று 50 லீற்றரின் நான்கு மடங்கு, அதாவது 200 லீற்றர். கன் நிமிடத்துக்கு 300 லீற்றரை உறிஞ்ச, மோட்டார் 150 லீற்றரைத் திருப்பிக் கொடுக்குமானால், நிமிடத்துக்கு 150 லீற்றர் துண்டு விழுகிறது. அப்படியானால் அந்தக் கையிருப்பு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடிக்கும். பிறகு அமுக்கம் சரியத் தொடங்கும். சரியச் சரியத் துளிகள் பெரிதாகும். கிளியர், தோடம்பழத் தோலைப் போலச் சொரசொரத்துப் போகும். ஒரு பொனற்றுக்கு ஒரு தடவை அடித்து முடிக்கவே அதைவிட நேரம் வேண்டும். இவ்வாறு கெட்டுப்போன வேலையைப் பார்ப்பவர் கன்னைக் குறை சொல்வார், அல்லது தின்னரைக் குறை சொல்வார், அல்லது இன்னும் விலை கூடிய இன்னொரு கன்னை வாங்குவார்.

இதில் ஏமாற்றுக்கும் இடமிருக்கிறது. கொம்பிரசரின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் உள்ள எண், பெரும்பாலும் உருளைக்குள் மோட்டார் இழுக்கும் காற்றின் அளவைத்தான் குறிக்கிறது. குழாயின் மறுமுனையில் கிடைப்பது அதில் அறுபது, எழுபது சதவீதம் மட்டுமே. மலிவான இயந்திரங்களில் அதனிலும் குறைவு. ஒரு குதிரைவலுவுக்கு மூன்று, மூன்றரைக் கன அடி என்று கணக்கிட்டுக்கொண்டால் ஏமாற்றம் குறையும். தாங்கி பெரிதாக இருந்தால் சரிவு தாமதமாகும், அவ்வளவுதான்; மோட்டார் சிறிதாயிருந்தால் பெரிய தாங்கி நிரம்பவும் அதற்கேற்றபடி நேரம் எடுக்கும். ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும் சிறிய நேரடி இணைப்பு மோட்டார்கள் சூடேறி நின்றுவிடுவதும் உண்டு.

ஆகவே, 2 குதிரைவலுக் கொம்பிரசர் வைத்திருப்பவருக்கு நான் கூறுவது, எல்.வி.எல்.பி. எனப்படும் குறைந்த காற்று, குறைந்த அமுக்க வகையைத் தேடுங்கள் என்பதுதான். அவற்றில் பல நிமிடத்துக்கு 4 முதல் 6 கன அடிக் காற்றோடு வேலை செய்யும். பெயின்ற் விரிந்து விழும் விசிறி வடிவம் சற்றுக் குறுகலாக இருக்கும், கையை மெதுவாக நகர்த்த வேண்டியிருக்கும். கூரை போன்ற அகன்ற இடத்தில் ஒரு கரை காய்வதற்குள் மறு கரைக்கு வந்து சேர வேண்டுமாதலால், மெதுவாக உலரும் தின்னரைப் பயன்படுத்த நேரிடும். அதைப் பழகிக்கொள்ளலாம். இன்னொரு வழி, ஜப்பானிய இவாட்டாவின் டபிள்யூ-71 போன்ற நடுத்தர அளவான மரபுவகைக் கன். எங்கள் பெயின்ற் பாஸ்மார் பலர் இன்றும் அதனைக் கைவிடாததற்குப் பழக்கம் மாத்திரம் காரணமல்ல. சிறிய கொம்பிரசரோடும் அது ஒழுங்காகத் துளியாக்கித் தருகிறது. பெயின்ற் கூடுதலாக விரயமாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வாங்கிக்கொண்டால் போதும். 3 குதிரைவலுவுக்கு மேற்பட்ட, பட்டியால் இயங்கும், நூறு லீற்றருக்குக் குறையாத தாங்கி உள்ள கொம்பிரசர் ஒருவரிடம் இருக்குமானால், அல்லது அதை வாடகைக்கு எடுக்க இயலுமானால், அவர் தாராளமாக எச்.வி.எல்.பி.யை வாங்கலாம், அதிலும் காற்றுத் தேவை பத்துக் கன அடியை ஒட்டியிருப்பதைத் தெரிவு செய்வது நல்லது. கன்னை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கொம்பிரசரைத் தேடுவது தலைகீழான வழி.

கப் மேலே இருக்கும் கன்னா, கீழே தொங்கும் கன்னா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. மேலே கப் உள்ளதில் பெயின்ற் தன் எடையாலேயே இறங்குவதால் குறைந்த அமுக்கம் போதும், கடைசிச் சொட்டுவரை பயன்படும், சுத்தம் செய்வதும் எளிது. கீழே ஒரு லீற்றர் கப் தொங்கும் உறிஞ்சு வகை கேற்றுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நல்லது. காருக்கு வாங்க வேண்டாம்.

நொசில் பற்றித்தான் அதிகக் குழப்பம். பேஸ் கோட் எனப்படும் நிறப்பூச்சுக்கு 1.3 மில்லிமீற்றர், கிளியருக்கு 1.3 அல்லது 1.4, நிறமும் பளபளப்பும் ஒன்றாகவே உள்ள ஒற்றைப் பூச்சுக்கு 1.4, தடித்த பிறைமருக்கு 1.7 முதல் 2.0 வரை, ஸ்பிறே புட்டிக்கு அதற்கும் மேல் என்பது பொதுவான அளவு. பெயின்ற் தகரத்தின் மேல் உற்பத்தியாளர் அச்சிட்டிருக்கும் அளவு இதற்கு மாறாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ஒரே கன்னில் நொசிலை மாற்றி மாற்றி எல்லா வேலையையும் செய்துவிடலாம் என்று கடைகளில் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் நொசில், ஊசி, எயார் கெப் மூன்றும் ஒரு தொகுதி, அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஊசி சரியாக மூடாமல் சொட்டும். அத்தோடு, பிறைமர் போன கன்னின் உள்வழிகளில் எஞ்சியிருக்கும் மணல் போன்ற துகள், பிறகு கிளியரில் வந்து விழும். கையில் உள்ள தொகையைப் பிரித்து, பிறைமருக்கு 1.8 நொசில் உள்ள மலிவான கன் ஒன்றையும், நிறத்துக்கும் கிளியருக்கும் 1.3 உள்ள சற்றுத் தரமான கன் ஒன்றையும் வாங்குவதே எனக்குச் சிக்கனமாகத் தெரிகிறது. பம்பர் மூலை, கண்ணாடிக் கவசம் போன்ற சிறு இடங்களை மட்டும் திருத்துபவருக்கு 0.8 முதல் 1.0 வரை நொசில் உள்ள சிறிய கன்னே போதும்; அதற்குக் காற்றும் குறைவாகவே வேண்டும்.

சுவருக்கு எமல்சன் அடிக்கவென்று விற்கப்படும், கையில் பிடிக்கும் மின்சாரக் கன்னைக் காருக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் பலர். வேண்டாம். அதன் துளிகள் வாகனப் பூச்சுக்கு மிகவும் பெரியவை.

கடையில் சோதித்துப் பாராமல் கன்னை வாங்கக்கூடாது. குவாரி வீதியிலும் பழைய சோனகத் தெருவிலும் உள்ள கருவிக் கடைகள் பலவற்றில் கொம்பிரசர் பொருத்தியே இருக்கும். சிறிது தின்னரைக் கொண்டுபோய்க் கப்பில் ஊற்றி, தடித்த மட்டையிலோ பழைய பத்திரிகைத் தாளிலோ ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரு கணம் விசையை இழுத்துவிட்டுப் பாருங்கள். விழும் தடம் இரு முனைகளும் மெலிந்த நீள்வட்டமாக இருக்க வேண்டும். வாழைப்பழ வடிவில் ஒரு பக்கம் வளைந்திருந்தால் ஏதோ ஒரு துளை அடைபட்டிருக்கிறது, அல்லது சரியாகத் துளைக்கப்படவில்லை. அப்போது எயார் கெப்பை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடியும் அடியுங்கள்: வளைவும் மறுபக்கம் திரும்பினால் குறை கெப்பில் உள்ளது, திரும்பாமல் அப்படியே இருந்தால் குறை நொசிலில் உள்ளது. நடுப்பகுதி மெலிந்து இரண்டு முனைகளிலும் பெயின்ற் சேர்ந்தால் காற்று அதிகம், நடுவில் மட்டும் குவிந்தால் காற்று போதாது; இவை இரண்டும் கன்னின் குறை அல்ல, திருகுகளைத் திருத்தினால் சரியாகும். விசையை விட்ட பிறகும் நொசில் முனையில் ஈரம் சேர்ந்துகொண்டிருந்தால் அந்தக் கன்னைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சோதிக்க விடாத கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை என்பது என் வழக்கம்.

டபிள்யூ-71, மெய்ஜியின் எஃப்-75 ஆகிய ஜப்பானிய வடிவங்களைப் பார்த்துச் செய்யப்பட்ட பிரதிகள் ஆசியா எங்கும் விற்கப்படுகின்றன. பிரதி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றுள் நன்றாக வேலை செய்பவையும் உண்டு. நான் பார்ப்பது வேறு இரண்டு விடயங்களை. ஊசியும் நொசிலும் துருப்பிடிக்காத உருக்காலானவையா? உள்ளே உள்ள வாஷர்கள் தெஃப்லோனா, வெறும் றப்பரா? றப்பர், தின்னர் பட்டுப் பட்டு ஊதிவிடும். பிறகு காற்றும் பெயின்றும் கண்ட இடத்தில் கசியும். அடுத்து, அந்த வாஷர்த் தொகுதியும் நொசில் தொகுதியும் தனியாக விற்பனைக்கு உண்டா என்று அதே கடையில் கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் கன் ஒரு தடவைப் பாவனைக்குரியது என்று எண்ணிக்கொண்டு, அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.

இனி, கட்டுரையில் ஒரு வரியிலும் சொல்லப்படாத, ஆனால் கொழும்பில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வேலையைக் கெடுக்கும் விடயத்துக்கு வருகிறேன். அது தண்ணீர். வெப்பநிலை 30 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் என்ற ஒரு சாதாரண கொழும்பு நாளில், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றை 8 பாருக்கு அமுக்கி, மீண்டும் அதே வெப்பநிலைக்கு ஆறவிட்டால், அதில் மூன்று, நான்கு கிராமுக்கு மேல் ஆவியாக நிற்க இயலாது. எஞ்சிய 20 கிராம் அளவு நீராகிவிடும். நிமிடத்துக்கு 200 லீற்றர் எடுக்கும் ஒரு கன்னை விட்டுவிட்டு இயக்கி, மொத்தமாக ஒரு மணித்தியாலம் பயன்படுத்தினால், 12 கன மீற்றர் காற்று கடந்து போயிருக்கும். அதாவது கால் லீற்றர் தண்ணீர் தாங்கியிலோ குழாயிலோ சேர்ந்திருக்கும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகளில் இது ஒரு சிறு குறிப்பாக வருவது இயல்பு. கடற்காற்று வீசும் பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர் இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரிகாரம் பெரிய செலவானது அன்று. வேலை தொடங்குமுன் தாங்கியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். இடையிலும் அவ்வாறே செய்யுங்கள். நீர்பிரிக்கும் பில்ற்றரைக் கொம்பிரசரின் வாயிலேயே பொருத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அந்த இடத்தில் காற்று சூடாக இருக்கும்; நீர் ஆவியாகவே பில்ற்றரைக் கடந்து போய், பிறகு குழாயில் குளிர்ந்து சொட்டாகும். பத்து மீற்றர் குழாயில் காற்று ஆறிய பின், கன்னுக்குக் கிட்டிய முனையில் பில்ற்றர் இருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். தின்னர் ஆவியாவதால் உலரும் நைத்திரோசெலுலோசு வகையான என்.சி. பெயின்ற் அடிப்பவருக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அதன் தின்னர் விரைவாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, சுற்றுக் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சு வெள்ளையாக மங்கிப் போகும். இதற்கு எந்தக் கன்னும் மருந்தல்ல. மெதுவாக உலரும் தின்னரைச் சேர்ப்பதும், மழைக்கால மாலைகளைத் தவிர்ப்பதுமே வழி. மே முதல் செப்ரெம்பர் வரை நீளும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தைவிட, ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் முற்பகல் வேளைகள் கொழும்பில் இந்த வேலைக்கு உகந்தவை.

குழாயையும் கவனிக்க வேண்டும். கொம்பிரசரோடு இலவசமாகக் கொடுக்கப்படும் சுருள் குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் 5 மில்லிமீற்றர்; அதற்குள்ளாகவே அமுக்கம் பெருமளவு இறங்கிவிடும். 8 மில்லிமீற்றருக்குக் குறையாத உள்விட்டம் வேண்டும். அமுக்கமானியைக் கன்னின் கைப்பிடியடியில் பொருத்தி, விசையை இழுத்துப் பிடித்திருக்கும்போது காட்டும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எச்.வி.எல்.பி. கன்கள் பலவற்றுக்கு அந்த இடத்தில் சதுர அங்குலத்துக்கு 25 முதல் 30 இறாத்தல் போதும். கொம்பிரசரைத் தூரத்தில் வைக்க வேண்டியிருந்தால் காற்றுக் குழாயை நீட்டுங்கள், மின்கம்பியை நீட்டாதீர்கள். மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் மோட்டார் தடுமாறும், கம்பியும் சூடேறும்.

கொம்பிரசரைத் தூரத்தில் வைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தின்னரின் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு படர்ந்து, படிக்கட்டிலும் வடிகானிலும் இறங்கி, பொறி பறக்கும் இடம்வரை சென்று தீப்பற்றக்கூடியது. கொம்பிரசரின் அமுக்க ஆளியில் ஒவ்வொரு தடவையும் பொறி உண்டாகிறது. சமையலறைக் காஸ் அடுப்பும், சாமியறையில் எரியும் விளக்கும் அதே ஆபத்தைச் சேர்ந்தவை. பெயின்ற் அடிக்கும் நாளில் விளக்கைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதில் குற்றமில்லை.

முகக்கவசம் பற்றிக் கட்டுரையாளர் ‘நல்ல மாஸ்க் ஒன்று’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பூச்சை இறுகச் செய்யும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே வகைப் பூச்சுகளில் ஐசோசயனேற்று எனப்படும் இரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றை மூச்சோடு உள்ளிழுப்பவருக்கு ஆஸ்த்துமா வரலாம். ஒரு தடவை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சு முட்டும். மணம் வரவில்லையே என்று ஆறுதல் கொள்ள முடியாது, ஏனெனில் ஆபத்தான அளவிலும் அவற்றின் மணம் தெரியாது. ஐக்கிய இராச்சியத்தில் தொழிலிடச் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பான அரச நிறுவனம், இவ்வகைப் பூச்சை அடிப்பவர்கள் வெளியிலிருந்து தூய காற்றைக் குழாயால் பெறும் முகமூடியை அணிய வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. கொரோனாக் காலத்துத் துணிக்கவசமோ மருந்துக்கடைக் கவசமோ இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது. கரி நிரப்பிய இரட்டைக் குப்பி முகமூடி தின்னர் ஆவிக்கு உதவும். டூ-கே மூடுபனிக்கு அதனை மட்டும் நம்பி, மூடிய கராஜுக்குள் நின்று அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகளும் முதியவர்களும் நெருக்கமாக வாழும் தொடர்மாடிகளின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடங்களில் இவ்வேலையைச் செய்வது பிறருக்குச் செய்யும் அநியாயம்.

எனவே வீட்டில் எதுவரை செய்யலாம் என்பதில் எனது அபிப்பிராயம் கட்டுரையாளருடையதைவிட ஒடுக்கமானது. தேய்ப்பு, புட்டி, என்.சி. பிறைமர், கழற்றி எடுக்கக்கூடிய பொனற்றுக்கும் பம்பருக்கும் பேஸ் கோட் என்பவற்றைத் திறந்த முற்றம் உள்ளவர் பொறுமையாகச் செய்யலாம். பேஸ் கோட்டின் மேல் கிளியர் அடிக்க வேண்டிய நேர எல்லை தகரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் அந்தப் பாகங்களை, பெயின்ற் அடிப்பதற்கென்றே அமைந்த அறையான பூத் உள்ள கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோய் டூ-கே கிளியரை மட்டும் அடிப்பித்துக்கொண்டால், செலவும் கணிசமாகக் குறையும், நுரையீரலும் தப்பும். முழு வாகனத்தையும் வீட்டில் அடிக்க எண்ணுபவர் தனது முற்றத்தையும் அயலையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். நிறத்தையே மாற்றுபவர், வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறமும் குறிக்கப்பட்டிருப்பதை மறவாமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும்.

கன் வாங்கியாயிற்று, வேலையும் முடிந்தது என்ற பிறகு அதனைக் கழுவுவதில்தான் பெரும்பாலான கன்கள் சாகின்றன. ஹார்ட்னர் கலந்த பெயின்றைக் கப்பில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. சில மணித்தியாலங்களில் அது உள்ளேயே இறுகிவிடும். முழுக் கன்னையும் இரவு முழுவதும் தின்னரில் ஊறப்போடுவதும் தவறு, வாஷர்கள் கெட்டுப்போகும். நொசிலையும் கெப்பையும் கழற்றித் தூரிகையால் கழுவுங்கள். அடைப்பை எடுக்க ஊசியோ கம்பியோ பாவிக்க வேண்டாம். துளை ஒரு மயிரிழை அகன்றாலும் விசிறி கோணலாகிவிடும். தென்னோலை ஈர்க்கின் நுனி போதும். கழுவிய தின்னரை வடிகானில் ஊற்றாமல் மூடியுள்ள தகரத்தில் தெளியவிட்டால், மேலே நிற்கும் தெளிவை அடுத்த கழுவலுக்குப் பயன்படுத்தலாம்.

இது தொடர்பில் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இங்கு விற்கப்படும் கன்களின் பெட்டிகளில் ஆங்கிலமும் சீனமும் இருக்கின்றன. தமிழோ சிங்களமோ இருப்பதில்லை. கன்னின் விலைச்சீட்டில் அதற்குத் தேவையான காற்றின் அளவையும், கொம்பிரசரின் விலைச்சீட்டில் அது வேலை அமுக்கத்தில் உண்மையாகக் கொடுக்கும் காற்றின் அளவையும், இரு மொழிகளிலும் லீற்றர்க் கணக்கில் எழுதி வைப்பது அவர்களுக்குக் கடினமானது அன்று. திருப்பிக் கொண்டுவரப்படும் பொருட்களும் அதனால் குறையும். தங்கள் வாகனப் பக்கத்திலும் சந்தையில் கிடைக்கும் கன்களின் காற்றுத் தேவையை ஒரு சிறு அட்டவணையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் தமது எச்.வி.எல்.பி. கன்னை எந்தக் கொம்பிரசரோடு இணைத்துப் பயன்படுத்தினார் என்பதையும் அடுத்த கட்டுரையில் தெரிவித்தால், வாசகர்கள் தத்தமது கொம்பிரசரோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாயிருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாகன நிறப்பூச்சுத் தொழிலாளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.